ஏழு கிளியர்

மணிக்கு எழுபத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாவது வளைவை விட்டு வெளியே வந்த உதயனுக்கு எதிரே சாலை இல்லை.

பனிமூட்டம்தான் இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு முன் மேலேயிருந்து பார்த்தபோது பள்ளத்தாக்கு முழுக்கத் தேயிலைப் பச்சை. இப்போது யாரோ வெள்ளைத் துணியை இழுத்து மூடிவிட்ட மாதிரி இருந்தது.

அவன் காலடியில் ஒரு மீட்டர் நீளப் பலகை, நான்கு சக்கரம். பிரேக் கிடையாது. தலைக்கவசத்துக்குள் ஒட்டியிருந்த சின்ன ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஆறு கிளியர் அண்ணே," என்றாள் குமுதா. ஆறாவது வளைவில் காவல் நிற்பவள். "ஆனா ஏழு தெரியல. மூடிருச்சு. ஏழு தெரியல."

ஆறை எடுத்தான். இடது கை தார்ச்சாலையைத் தொட்டு விலகியது. அடுத்தது ஏழு. இந்த இறக்கத்திலேயே மோசமான வளைவு. ஒரு பக்கம் மலைச்சுவர், மறு பக்கம் பள்ளம், நடுவில் தேயிலைக் காட்டுக்குள்ளிருந்து வந்து சேரும் மண் பாதை.

காதில் மறுபடி கரகரப்பு. குமுதா இல்லை. ஓர் ஆண் குரல், சாவகாசமாக, வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போல.

"ஏழு கிளியர். லோரி வர்ற நேரமில்ல. வா லா…"

ஏழில் அவர்கள் யாரையும் காவலுக்கு நிறுத்தவில்லை.

உதயன் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துப் பலகையைக் குறுக்கே திருப்பினான். கையுறையின் உள்ளங்கையில் பதித்திருந்த பிளாஸ்டிக் வட்டுகள் தாரில் உரசிக் கீச்சிட்டன. சக்கரங்கள் அலறின. ரப்பர் கருகிய வாசனையோடு, வளைவுக்குப் பதினைந்து அடி முன்னால் நின்றான்.

பின்னால் வந்த கார் அவனை ஒட்டி நின்றது. ஓட்டியவன் தர்மா. பக்கத்தில் கேமராவைத் தோளில் ஏற்றியபடி சந்திரமதி.

"நல்லா வந்துட்டிருந்துச்சு. ஏன் நிறுத்துன?" என்றாள் சந்திரமதி.

"ஏழு தெரியலன்னாங்க, மேடம்."

"சரி, அது சரிதான். எனக்கும் பொணத்தப் படம் எடுக்க ஆசையில்ல." கேமராவை மடியில் இறக்கினாள். "ஆனா மணிய பாரு. எட்டே கால். பத்துக்கு மேல தோட்டத்து ரோடு நமக்கில்ல. சாயந்தரம் ஆறு மணிக்குள்ள படம் கேஎல் ஆபீசுக்குப் போகலைன்னா நான் கையெழுத்து வாங்க முடியாது. எங்க முதலாளிக்குப் பனியெல்லாம் தெரியாது, அவருக்கு ஏர்கோன்தான் தெரியும்."

விஷயம் அதுதான். மேலிருந்து ஆலை வரை, எங்கும் நிற்காமல், வெட்டாமல், ஒரே ஓட்டம். அந்தப் படம் போனால் உதயனின் ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடம். பலகையும் சப்பாத்தும் விற்கும் அந்தக் கம்பெனி மாதச் சம்பளம் கொடுக்கும், பிலிப்பைன்சுக்கும் தாய்லாந்துக்கும் போட்டிக்கு அனுப்பும், முழங்கை பிளந்தால் தையல் போடும். விழுவதற்கும் எழுவதற்கும் சம்பளம் வாங்கும் ஆள் கேமரன் மலையில் அவன் ஒருவன்தான். படம் போகாவிட்டால் கோலா தெர்லா காய்கறித் தோட்டத்தில் முட்டைகோஸ் கூடை காத்திருக்கிறது. லோரியில் ஏற்றிக்கொண்டே இருக்கலாம். பதினெட்டு வயதில் ஏற்றினான். இருபத்தெட்டு வயதில் அவன் முதுகு அதற்கு ஒத்துக்கொள்ளாது.

"யாராச்சும் ரேடியோவுல பேசுனாங்களா?" என்று உதயன் தர்மாவைக் கேட்டான், சாதாரணமாகக் கேட்பதுபோல.

"குமுதா பேசுச்சு. அப்புறம் கர்ர்ருன்னு ஒரு சத்தம்." தர்மா காரில் செருகியிருந்த ரேடியோ செட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மச்சான், ஒன்னு சொல்றேன், சிரிக்காத. அந்தச் சத்தம் வந்தப்ப ஸ்கிரீன்ல அஞ்சுன்னு காட்டுச்சு."

"என்ன அஞ்சு?"

"செட்டு நம்பர். பேசுற செட்டோட நம்பர் காட்டும்ல. ஒன்னு ஒன்கிட்ட, ரெண்டு என்கிட்ட, மூணு குமுதாகிட்ட. நாலு கெட்டுப்போய் வீட்ல கெடக்குது. அஞ்சு…"

அவன் முடிக்கவில்லை. ஐந்து எங்கே இருக்கிறது என்பது அங்கே சந்திரமதியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். வலது கைப் பக்கம், நூற்றிருபது அடிக்குக் கீழே, புதரும் ஓடையுமாகக் கிடக்கும் பள்ளத்தில்.

சரியாகப் போன வருடம், இதே ஆர்ட்வெல் தோட்டத்தில், இதே மாரியம்மன் கோயில் திருவிழா அன்று காலை, தினேஸ்வரன் இந்த வளைவில் செத்தான். குமுதாவின் அண்ணன். உதயனுக்குக் கூட்டாளி. மூன்று பேரும் ஒன்றாகப் பலகை ஏறியவர்கள்: தினேஸ்வரன், உதயன், தர்மா. மூவரில் தினேஸ்வரன்தான் வேகம். இந்த ஒப்பந்தமே முதலில் அவனுக்குப் பேசியதுதான். அவனைப் படம் எடுக்க இருந்த நாளுக்கு முந்தின வாரம், பழகிப் பார்க்க இறங்கினான். மண் பாதையிலிருந்து கொழுந்து லோரி ஏறிவந்தது.

ஏழிலிருந்து சொன்ன எச்சரிக்கை தினேஸ்வரன் காதுக்குப் போய்ச் சேரவில்லை, அங்கிருந்த ஐந்தாம் செட்டின் பாட்டரி செத்திருக்க வேண்டும் என்று பேச்சு முடிந்தது. அந்தக் களேபரத்தில் செட்டும் பள்ளத்தில் போய்விட்டதாகச் சொன்னார்கள். பாட்டரிகளுக்குச் சார்ஜ் போட்டது தர்மா. அன்றைக்கு இறங்கியவன் இன்றுவரை பலகையில் ஏறவில்லை. மாதம் ஒரு முறை தினேஸ்வரன் வீட்டு வாசலில் சமையல் கேஸ் நிரப்பிய புதுத் தோங்கை இறக்கி வைத்துவிட்டு, உள்ளே கூப்பிட்டாலும் போகாமல் திரும்பிவிடுவான்.

"மூணு தடவ பாத்துட்டேன் மச்சான்," என்றான் இப்போது, யாரும் கேட்காமலே. "மூணு செட்லயும் பச்ச லைட்டு. ராத்திரி எந்திரிச்சுகூட பாத்தேன்."

பனிக்குள்ளிருந்து குமுதா நடந்து வந்தாள். மழைச்சட்டை, கையில் சிவப்புக் கொடி. "பொண்டாட்டிய கூட இப்படிப் பாத்துக்க மாட்டீங்க, தர்மாண்ணே. அந்தச் செட்டுக்கே ஒரு தாலி கட்டிருங்க." பிறகு உதயனைப் பார்த்தாள். "அடுத்த ரவுண்டுக்கு நான் ஏழுல நிக்கறேன்."

"வேணாம்," என்றான் உதயன்.

"வேற யாரு நிப்பா? போன வருசத்துலேர்ந்து அங்க நிக்க ஒருத்தனும் வர மாட்டேங்குறான். இந்தப் பனியில ஆறுலேர்ந்து ஏழ பாக்க முடியாது. ஆறுக்கு கங்காணிய நிக்கச் சொல்லலாம். எங்கண்ணன் செத்த எடம், எனக்கென்ன பயம்? இருந்தா அவன்தான் இருப்பான்."

சந்திரமதி கேமரா லென்சைத் துடைத்தாள்.

பனி விலகட்டும் என்று காத்திருந்தார்கள். உதயன் மட்டும் ஏழாவது வளைவுக்கு நடந்து போனான்.

மண் பாதை சாலையோடு சேரும் இடத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. கொழுந்து நிறுக்கும் இடம். பறிக்கிறவர்கள் இங்கே கொண்டுவந்து கூடையைத் தொங்கவிட, கங்காணி எடை பார்த்து எழுதிக்கொள்வார். எடை முடிந்த பிறகுதான் லோரி மேலே ஏறும். மற்ற நேரத்தில் அங்கே ஈ காக்கை இருக்காது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவனுக்கு இதைக் கடிகாரம் பார்த்துச் சொல்லத் தேவையில்லை. பதினோரு மணி எடை, பதினொன்றரைக்கு லோரி. உதயன் அந்த லோரியின் சத்தத்தைக் கேட்டுத்தான் பசி எடுக்கப் பழகினான்.

கொட்டகையில் ஆளில்லை. எடைக் கொக்கி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

காற்று இல்லை. தேயிலை இலை ஒன்றுகூட அசையவில்லை. கொக்கி ஆடிக்கொண்டிருந்தது, இப்போதுதான் யாரோ கை எடுத்த மாதிரி.

கொக்கியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. வாய்ப்பக்கம் சிவப்பு ராஃபியா கயிற்றால் கட்டி, உறிஞ்சு குழல் செருகிய டீ. பாதி குடித்திருந்தது. குழலின் முனை பல்லால் கடித்து நசுக்கப்பட்டிருந்தது.

உதயன் கையுறையைக் கழற்றி அந்தப் பையைத் தொட்டான்.

சூடு.

சுற்றிலும் பார்த்தான். ஈர மண்ணில் அவன் சப்பாத்துத் தடம் மட்டும்தான் இருந்தது. வந்த தடம். திரும்பிப் போகும் தடம் எதுவும் இல்லை, அவன்தான் இன்னும் போகவில்லையே. ஆனால் பெஞ்சுக்குக் கீழே, யாரோ உட்கார்ந்து கால் ஆட்டிய மாதிரி, இரண்டு குதிகால் பள்ளம். தன் காலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவனுக்குத் தோன்றியது. வைக்கவில்லை. பையைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தான். அது விழுந்த சத்தம் வெகு நேரம் வரவில்லை. கடைசிவரை வரவேயில்லை.

"யாரப்பா அங்க?"

உதயன் துள்ளித் திரும்பினான். கங்காணி செல்வராஜு, சட்டைப் பையில் நோட்டுப் புத்தகத்தோடு, மண் பாதையில் ஏறிவந்தார்.

"நீயா. என்னடா, பேய பாத்தவன் மாதிரி நிக்கற? டீ எதுவும் குடிக்கலியா?"

"இங்க டீ யாராச்சும் வச்சிருந்தாங்களா, அங்கிள்?"

"இங்க யாரு வைப்பா? நம்ம ஆளுங்க எங்க இருக்காங்க, பறிக்கறதெல்லாம் பங்களாதேஷ்காரனுங்க. அவனுங்க பிளாஸ்க்ல கொண்டாருவானுங்க." அவர் வானத்தைப் பார்த்தார். "பத்துக்கு முன்ன முடிச்சிருங்க. இன்னைக்குத் திருவிழா, அரைநாள் வேலை. எடைய முன்னுக்கு வச்சிட்டேன், காலைல பெரட்டுல ஆள் எண்ணுறப்பவே சொல்லிட்டேன். பத்துக்கெல்லாம் லோரி ஏறிரும். திருவிழான்னா எப்பவும் அப்படித்தானே. ஒனக்குத் தெரியாததா?"

உதயன் கையுறையை மாட்டிக்கொண்டான்.

திரும்பி வரும்போது குமுதா அவனோடு சேர்ந்து நடந்தாள். "தர்மாண்ணன பாத்தா பாவமா இருக்கு," என்றாள் தாழ்ந்த குரலில். "அம்மா கூட சொல்லிட்டாங்க, போனது போச்சு, அந்தப் பையன் வந்து ஒரு வாய் சாப்புடட்டும்னு. எங்களுக்கு அவர் மேல கோவமே இல்ல அண்ணே. பாட்டரிக்கு என்ன தெரியும்."

"ம்," என்றான்.

ஒன்பதரை. பனி கொஞ்சம் கலைந்தது. மேலே தோட்டத்து கேட் அருகே நின்றபோது கீழே ஆலையின் கூரைகூடத் தெரிந்தது. தூரத்தில் கோயில் மேளம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆறுல நிக்கறேன். கிளியர்," என்றது செல்வராஜுவின் குரல், செட்டை வாய்க்குள் வைத்துப் பேசுவது போல. எடையை முடித்துவிட்டு வந்தவரிடம் காரிலிருந்த இரண்டாம் செட்டைக் கொடுத்திருந்தார்கள். வீட்டிலிருந்து பழைய நாலாம் செட்டைக் கொண்டுவந்து, பேசமுடியாவிட்டாலும் கேட்கவாவது செய்கிறதே என்று தர்மா காரில் வைத்துக்கொண்டான்.

"ஏழு கிளியர்," என்றாள் குமுதா. "ரோட்டு மேல நிக்கறேன். ரெண்டு பக்கமும் பாத்துட்டேன்."

அதுதான் இவர்கள் விதி. கிளியர் என்று சொன்னால் நினைக்கிறேன் என்று பொருளில்லை. ரோட்டின் மேல் நின்று இரண்டு பக்கமும் கண்ணால் பார்த்தேன் என்று பொருள். தினேஸ்வரன் போட்ட விதி.

"ரோலிங்," என்றாள் சந்திரமதி.

உதயன் மூன்று முறை காலால் உந்தினான். நான்காவது தேவைப்படவில்லை. மலை இழுத்துக்கொண்டது.

ஒன்று, இரண்டு, மூன்று. காற்று காதில் தகரம் கிழிப்பது போலக் கிழிந்தது. நான்கில் எண்பதைத் தாண்டியிருந்தான். உடம்பு எடையற்றுப் போயிற்று. இதற்காகத்தான் எல்லாம். ஐந்தை அவன் தொடவேயில்லை, மிதந்தான். சந்திரமதி பின்னால் ஏதோ சொல்லிச் சிரிப்பது அவனுக்குக் கேட்காது, ஆனால் தெரியும். நல்ல ஓட்டம். இரண்டு வருடத்துக்கான ஓட்டம்.

ஆறுக்கு முன்னால் பனி திரும்பி வந்தது. மெதுவாக இல்லை, ஒரே மூச்சில்.

"ஆறு கிளியர், வா வா," என்றார் செல்வராஜு.

ஏழுக்குக் காத்திருந்தான். ஒரு நொடி. இரண்டு நொடி. கரகரப்பு.

"ஏழு கிளியர்." குமுதா இல்லை. அதே ஆண் குரல். அதே சாவகாசம். வாயில் உறிஞ்சு குழலைக் கடித்துக்கொண்டு பேசுகிறவனின் குரல். "லோரி வர்ற நேரமில்ல. வா லா, தினேசு."

காலையில் அறுந்துபோன வாக்கியம் இப்போது முழுதாக வந்தது. கடைசியில் அந்தப் பேர்.

நின்றால் படம் போயிற்று. பத்துக்குள் இன்னொரு ஓட்டத்துக்கு நேரமில்லை. கேட்டது கிளியர். சொல்லியிருப்பது யாராக இருந்தாலும், கீழே குமுதா நிற்கிறாள், அவள் நில் என்று சொல்லவில்லை. போனால் யாரும் குறை சொல்ல முடியாது.

உதயன் பலகையைக் குறுக்கே போட்டான். போதவில்லை. ஈரச் சாலை. உடம்பைத் தரையில் விட்டான். தோள், இடுப்பு, தொடை வரிசையாகத் தாரில் அறைந்தன. பலகை அவனை விட்டுக் கழன்று முன்னால் பறந்து பனிக்குள் போயிற்று.

பலகை நொறுங்கும் சத்தம் கேட்டது.

பிறகுதான் லோரி தெரிந்தது. பச்சை மூக்கு, மூட்டை மூட்டையாகக் கொழுந்து. மண் பாதையிலிருந்து சாலைக்கு ஏறி, சாலை முழுதையும் அடைத்துக்கொண்டு நின்றது. முன்சக்கரத்துக்கும் உதயனின் தலைக்கவசத்துக்கும் நடுவே ஒரு கை நீளம்.

ஓட்டுநர் வீரப்பன் இறங்கினார். பலகையின் துண்டைப் பார்த்தார். உதயனைப் பார்த்தார். சாலை ஓரத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். "ரெண்டாவது தடவடா," என்றார். "ஒங்களுக்குச் சாவறதுக்கு என் லோரிதான் கெடச்சுதா? மழை வருதுன்னு இருவது நிமிசம் முன்ன எடுத்தேன். அவ்ளோதான்டா செஞ்சேன்."

குமுதா ஓடிவந்தாள். கையில் செட், முகம் வெளுத்திருந்தது. "நில்லு நில்லுன்னு கத்திக்கிட்டே இருந்தேன் அண்ணே. பட்டன விடவே இல்ல. கேக்கலியா?"

கார் வந்து நின்றது. தர்மா கதவைத் திறந்து பாதி வழி வந்து, அதற்கு மேல் வரமுடியாமல் நின்றான்.

"எனக்கும் கேக்கல," என்றான். "கர்ர்ருன்னு மட்டும் வந்துச்சு. மறுபடியுமா. மூணு தடவ பாத்தேனே. பச்சயாதான் இருந்துச்சு." தன் இரண்டு கைகளையும் வேறு யாருடையதையோ போலப் பார்த்தான். "என் கையிலதான் ஏதோ இருக்கு மச்சான். நான் தொட்டா செத்துடுது."

சந்திரமதி மட்டும் கேமராவை இறக்கவில்லை. அவள் கண் பளபளத்தது.

"உதயன், எந்திரிக்க முடியுமா? ஒடையலியே எதுவும்? இங்க பாரு. முழு ஓட்டம் வேணாம். இதப் பாத்தா எங்க முதலாளி ரெண்டு வருசம் இல்ல, மூணு வருசம் போடுவாரு. கண்ணு தெரியாத பனியில, ஒரு கை தூரத்துல நின்னிருக்க." சிவப்பு விளக்கு எரியும் கேமராவை அவன் முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். "ஒன்னு மட்டும் சொல்லு. ஒனக்கு யாரும் நில்லுன்னு சொல்லல. லோரி ஒனக்குத் தெரியவும் இல்ல. எப்படி நின்ன?"

நல்ல கேள்வி. பதிலும் சுலபம். உள்ளுணர்வு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று வருடம்.

உதயன் தலைக்கவசத்தைக் கழற்றினான். உள்ளே ஒலிபெருக்கி இன்னும் லேசாகக் கரகரத்துக்கொண்டிருந்தது. யாரோ டீ உறிஞ்சுவது போல. அதைத் தரையில் வைத்தான். கேமராவைப் பார்க்கவில்லை. தர்மாவைப் பார்த்தான்.

"போன வருசம் ஏழுல யாரு நின்னா, தர்மா?"

"நீதான். அதுக்கென்ன இப்ப? நீ நில்லுன்னு சொன்ன, என் பாட்டரி…"

"நான் நில்லுன்னு சொல்லவே இல்ல."

கோயில் மேளம் நின்றிருந்தது. குமுதாவின் கையிலிருந்து கொடி நழுவியது.

"தூறல் போட்டுச்சு. கொட்டகையில ஒக்காந்து டீ குடிச்சிட்டிருந்தேன். ரோட்டுக்கு வரல. லோரி எப்ப வரும்னு எனக்குத் தெரியும்னு நெனச்சேன். லயத்துல பொறந்தவன் இல்லையா. வெளியூர்க்காரனா இருந்தா எந்திரிச்சு வந்து பாத்திருப்பான். திருவிழான்னா எடைய முன்னுக்கு வைப்பாங்கன்னு மறந்துட்டேன். கிளியர், வா லா, தினேசுன்னு நான்தான் சொன்னேன். அவன் வந்தான். அஞ்சாம் செட்டப் பள்ளத்துல எறிஞ்சதும் நான்தான்."

தர்மா தன் கைகளை மறுபடி பார்த்தான்.

"ஒன் பாட்டரி நல்லாத்தான் இருந்துச்சு, மச்சான்."